மலிவுப் பதிப்பைப் பகிர்கிறவரின் பொறுப்பு

கடந்த ஐந்து ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைதோறும், விலை குறைந்தோ விலையின்றியோ கிடைக்கும் மின்னூல்களைப் பற்றி நண்பர்கள் நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி வருகிறேன். தொடக்கத்தில் ஒரே வாரத்தில் இருபது இணைப்புகள்கூட அனுப்பியதுண்டு. இப்போது வாரத்துக்கு ஒன்றுதான் அனுப்புகிறேன். அதுவும் நான் கடைசிப் பக்கம் வரை படித்த நூலாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாற்றம் ஏன் வந்தது என்பதையும், மலிவான மின்னூல்களைப் பகிர்கிற எல்லாரும் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்று ஏன் நினைக்கிறேன் என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைத் தொகுப்பு 49 ரூபாய்க்குக் கண்ணில் பட்டது. உரிமைக்காலம் முடிந்துபோன பழைய எழுத்தாளர் ஒருவரின் கதைகள். அட்டை அழகாக இருந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட கதைகள் என்று குறிப்பிட்டிருந்தார்கள். திறந்துகூடப் பார்க்காமல் இணைப்பை அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் காலை, எங்கள் வட்டத்தில் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீங்க சொன்னீங்களேன்னு வாங்கினேன். மூணாவது கதை பாதியிலயே நிக்குது. அடுத்த பக்கத்துல வேற கதை ஆரம்பிச்சிருது. என் போன்லதான் கோளாறா, இல்ல புத்தகமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் நானும் அந்த நூலை வாங்கித் திறந்தேன். 'கொடுத்தான்' என்ற சொல்லில் கொம்பு ஒருபுறமும் ககரம் நடுவிலும் கால் தனியாக ஒருபுறமும் பிரிந்து நின்றன. காலுக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் இருந்தது. உரையாடல் தொடங்கும் இடங்களிலெல்லாம் மேற்கோள் குறிக்குப் பதிலாகக் கேள்விக்குறி விழுந்திருந்தது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது நேர்கிற சிதைவுகள் இவை; ஒருவர் ஒரு முறை உட்கார்ந்து படித்திருந்தால் திருத்தியிருக்கலாம். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்பதற்காகவே மின்னூலுக்கு வந்தவர் அந்த ஆசிரியர். பணத்தைத் திருப்பித் தர முன்வந்தேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நான்கு நாள்களாக அவர் தம் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார் என்று பின்னர் அவருடைய மகள் சொன்னபோது, அந்தச் செய்தியை அனுப்பிய என் கைமீதே எனக்குக் கோபம் வந்தது.

மலிவு என்பது தமிழ்ப் பதிப்புலகில் தாழ்ந்த சொல்லாக இருந்ததில்லை. பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949இல் அரசு வாங்கி, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியதால்தான், 1950களில் சக்தி காரியாலயம் என்ற பதிப்பகத்தின் வை. கோவிந்தன் போன்றவர்களால் பாரதியார் கவிதைகளைச் சாமானியரும் வாங்கும் விலையில் மலிவுப் பதிப்பாகக் கொண்டுவர முடிந்தது. எழுத்தாளரின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம் அதற்குப் பின்னும் தமிழ்நாட்டில் தொடர்ந்து வருகிறது. நாட்டுடைமை ஆகாவிட்டாலும், இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை ஆகிவிடுகிறது. 1944இல் மறைந்த கு.ப.ரா.வையும் 1948இல் மறைந்த புதுமைப்பித்தனையும் இன்று யாரும் வெளியிடலாம். யாரும் வெளியிடலாம் என்ற இந்த நல்ல நிலைதான், ஒரே நூலுக்குப் பத்து மின்பதிப்புகள் வந்து, அவற்றில் எது ஒழுங்கானது என்று வாசகருக்குத் தெரியாமல் போவதற்கும் காரணமாகிறது. ஒழுங்கான பதிப்பு எது என்று தேடிச் சொல்வது, முதலில் படித்தவர் அடுத்து வருகிறவருக்குச் செய்ய வேண்டிய வேலை. மொழிபெயர்ப்பு விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: தல்ஸ்தோயின் மூலத்துக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டாலும், தமிழில் பெயர்த்தவரின் உரிமை தனியானது, அவருடைய உழைப்பை இலவசம் என்று நாம் அறிவித்துவிடக் கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தைத்தான் நான் எப்போதும் முதலில் சொல்வேன். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்க, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் இலக்கியத்தையும் பின்வந்த உரைநடையையும் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் கொடுத்த கொடை அது. தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் பெயர் குறித்திருப்பார்கள்; அந்த வரிகளைத் தாண்டிச் செல்லாமல் படிப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் தளத்துக்கு நிகராக வேறொன்றைச் சொல்ல முடியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்களும் அரிய பழைய பதிப்புகளும் இருக்கின்றன. இன்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமத்தில் தாமாகவே அனுமதித்த நூல்கள் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் கிடைக்கின்றன.

இணைப்பை அனுப்பும்போது கோப்பின் வகையையும் சொல்லிவிட வேண்டும். அச்சுப் பக்கத்தை ஒளிவருடி எடுத்த பிடிஎஃப் கோப்பைக் கைப்பேசியில் படிப்பவர், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பக்கத்தில் கை ஓய்ந்துவிடும். ஈபப் கோப்பாக இருந்தால் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி திரைக்குள் அடங்கும். மூத்தவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடுதான் படிப்பதற்கும் கைவிடுவதற்கும் நடுவில் நிற்கிறது.

அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கிய 2016க்குப் பிறகு, இலவச நாள்கள் என்ற வாய்ப்பும் நமக்குக் கிடைத்தது. அங்கே எழுத்தாளர்களுக்கென்று உள்ள செலக்ட் என்ற திட்டத்தில் நூலைச் சேர்த்தவர், 90 நாள்களுக்குள் 5 நாள்கள் அதை விலையின்றிக் கொடுக்கலாம். அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவில் சலுகை தொடங்குவதால், நமக்கு மதியம் பன்னிரண்டரைக்கோ, குளிர்காலமானால் ஒன்றரைக்கோதான் விலை மாறும். காலையில் இணைப்பை அனுப்பினால், விலை மாறுவதற்கு முன்பே வாங்கிப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. நான் மதியத்துக்குப் பிறகு, விலை பூஜ்யம் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தின் சந்தாதாரர்களுக்கு மட்டும் காட்டப்படும் பூஜ்யத்தையும், எல்லாருக்குமான பூஜ்யத்தையும் பிரித்துச் சொல்வதும் அவசியம். சந்தா வைத்திருப்பவர் அந்த வழியாகப் படித்தால், படித்த பக்கங்களின் கணக்குக்கு ஏற்ப எழுத்தாளருக்குப் பணம் போகிறது. ஆகவே சந்தா உள்ளவர்களை அந்த வழியிலேயே படிக்கச் சொல்கிறேன்.

டெலிகிராம் குழுக்களில் உலவும் பிடிஎஃப் மூட்டைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "இதுவும் இலவசம்தானே" என்று அவற்றை எனக்கு அனுப்புகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் எழுத்தாளர் தாமே ஐந்து நாள் திறந்து வைப்பதும், அவர் அறியாமல் அவருடைய புத்தகத்தை ஒளிவருடி ஆயிரம் பேருக்கு அனுப்புவதும் ஒன்றாகாது. முந்நூறு பிரதி விற்பதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தமிழ் எழுத்தாளரிடமிருந்து அந்த விற்பனையையும் பறிப்பது திருட்டு. அப்படி வரும் கோப்புகளை நான் திறப்பதில்லை. அனுப்பியவருக்கு, அதே நூல் சலுகை விலைக்கு வரும்போது சொல்கிறேன் என்று பதில் எழுதிவிடுகிறேன். அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் நினைவு வைத்திருந்து சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது நான் அனுப்பும் செய்தியில் நூலின் பெயர், எழுத்தாளர், முதலில் வெளியான ஆண்டு, விலை, அந்த விலை எதுவரை என்பவற்றோடு, நான் எந்தப் பக்கத்தில் நின்று மறுபடி படித்தேன் என்பதும் இருக்கும். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் பலர் நூலைத் திறக்கிறார்கள் என்பதை அவர்களுடைய பதில்களிலிருந்து அறிகிறேன். விலையைப் பார்த்து இறக்கியவை கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. ஒருவர் படித்துவிட்டுச் சொன்னது என்றால் அதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குகிறார்கள்.

வரும் சனிக்கிழமைக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை எடுத்து வைத்திருக்கிறேன். மதுரைத் திட்டத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 1942இல் ஐயர் மறைந்ததால் அந்நூல் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. பாதியில் நிற்பது கோப்பின் கோளாறு இல்லை என்பதைச் செய்தியின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் ஆசிரியர் ஐயாவைத் தொலைபேசியில் அழைத்தும் சொல்லிவிடுவேன்.