மூன்று பிரதி என்றால் பேக்கப் என்று அர்த்தமில்லை

ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்கு செஃப் (Ceph) கிளஸ்டர், அதாவது டேட்டாவைப் பல சர்வர்களில் பிரதி எடுத்துச் சேமிக்கும் அமைப்பு, போடுவது பற்றிக் கேட்ட தம்பிக்கு, "மூன்று பிரதி இருக்கும்போது பேக்கப் எதற்கு? மினிமம் சைஸை (குறைந்தது எத்தனை பிரதி இருந்தால் வேலை நடக்கும் என்ற அளவு) 1 ஆக வை, சர்வீஸ் நிற்கவே நிற்காது" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள்.

பிரதிகள் காப்பாற்றுவது டிஸ்க்கோ சர்வரோ செத்துப்போனால் மட்டும்தான். யாராவது தவறான ஃபோல்டரை அழித்தால் மூன்று பிரதியிலும் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அதே கதைதான். ஸ்னாப்ஷாட் (டேட்டாவின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) உதவும், ஆனால் அதுவும் அதே கிளஸ்டருக்குள்தானே இருக்கிறது? பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும், முடிந்தால் பெங்களூருக்கு வெளியே. அவ்வப்போது ரீஸ்டோர் செய்தும் பாருங்கள். இதைத்தான் பலரும் செய்வதில்லை.

மினிமம் சைஸ் விஷயம் இன்னும் மோசம். மூன்று பிரதி வைக்கும் பூலில் (டேட்டா வைக்கும் தொகுப்பு) அது இயல்பாக 2. பிரதிகளின் எண்ணிக்கை அதற்குக் கீழே போன பகுதியில் செஃப் எழுதுவதையும் படிப்பதையும் நிறுத்திவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 1 வைத்தால், மிஞ்சியிருக்கும் ஒற்றைப் பிரதியிலேயே புது டேட்டா எழுதப்படும். இழந்த பிரதிகளை மறுபடி உருவாக்கும் ரெகவரி ஓடி டிஸ்க்குகள் திணறும் அந்த நேரத்தில் அதுவும் போய்விட்டால், கடைசியாக எழுதியது எங்குமே இருக்காது.

அப்புறம், அவர் 4 மானிட்டர் வைக்கவும் சொல்லியிருக்கிறார். மானிட்டர் என்பது கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் புரோகிராம்; அவற்றில் பாதிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் 3 வைத்தாலும் 4 வைத்தாலும் ஒன்று விழுவதைத்தான் தாங்கும். 3 வையுங்கள், இல்லையென்றால் 5.