நத்தை முட்டையைத் தண்ணீருக்குள் தள்ளாதீர்கள்

"மீன் தொட்டிக் கண்ணாடியில் மிஸ்டரி நத்தை (தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் ஒரு நன்னீர் நத்தை) ஒட்டிவைத்த முட்டைக் கொத்தைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் காய்ந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. தவறு. தள்ளினால் உள்ளிருக்கும் குஞ்சுகள் மூச்சுத் திணறிச் சாகும், பாவம்.

தாய் நத்தை பெரும்பாலும் இரவில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறித்தான் முட்டையிடும். சுண்ணாம்பு ஓடு வழியாகக் காற்றை இழுத்துத்தான் கரு வளர்கிறது. வெளிர் ரோஜா நிறத்தில், சின்ன மக்காச்சோளக் கதிர் போல இருக்கும் அந்தக் கொத்து முதல் நாள் மெத்தென்று இருக்கும், தொடவே வேண்டாம்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்றால், ராம்ஸ்ஹார்ன் நத்தை நீருக்கடியில் ஜெல்லிக்குள் முட்டையிடும். அது வேறு இனம்.

சரி, காய்ந்துவிடாதா? மூடியைப் போட்டு வையுங்கள், தொட்டியின் ஈரக்காற்றே போதும். 2 முதல் 4 வாரத்தில் நிறம் மங்கி, குஞ்சுகள் தாமாகவே தண்ணீரில் விழும்.