சைஸ் 38ன்னு போட்டீங்களே, டேப் வச்சு அளந்தீங்களா?

ஆன்லைனில் பழைய துணி விற்கும் ஒருவரிடம் வாங்கி, போன வாரம் வந்த பார்சலை பீரோவுக்குள் வைக்க இன்னும் மனசு வரவில்லை. மயில்கழுத்து நிறத்தில் பட்டு ப்ளவுஸ். முதுகிலும் கையிலும் ஆரி வேலை. ஒரே ஒரு தடவை போட்டதாம். 900 ரூபாய், கூரியர் 80. இதே வேலையைப் புதிதாகக் கொடுத்தால் எங்கள் ஊரில் கூலியே 3,000 ரூபாய்க்குக் குறையாது. அதனால்தான் பழசை வாங்கினேன், நாத்தனார் மகள் வளைகாப்புக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று. போட்டோவுக்குக் கீழே இருந்தது ஒரே வரி: "சைஸ் 38, 40 வரை லூஸ் பண்ணிக்கலாம் சிஸ்."

என் மார்புச் சுற்று 38. கையை நுழைத்தேன். முழங்கையைத் தாண்டி ஏறவே இல்லை. மூச்சைப் பிடித்து ஏற்றிவிட்டால் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கழற்றும்போது எங்கே ஜர்தோசிச் சரிகை அறுந்துவிடுமோ என்று பயந்து, பெண்ணைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன். அப்புறம்தான் டேப்பை எடுத்தேன். கொக்கி மாட்டி, கட்டில்மேல் தட்டையாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை வைத்தால் பதினேழே கால் இன்ச். அப்படியென்றால் சுற்று 34½. கைச்சுற்று 11. என் கை 13.

சரி, லூஸ் பண்ணலாம் என்றாரே என்று உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பக்கத் தையலை ஒட்டி கால் இன்ச் விட்டு, மீதித் துணியை வெட்டி ஓவர்லாக் அடித்திருக்கிறார்கள். பிரிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? எதைப் பிரித்து 40க்குக் கொண்டுபோவது? திருப்பிப் பார்த்திருந்தால் இரண்டு நொடியில் தெரிந்திருக்கும். பார்க்காமலேயே "40 வரை" என்று எழுதிவிட்டார். அது தெரியாமல் எழுதியதுகூட இல்லை. விற்றுப் போகட்டும் என்று எழுதியது.

மெசேஜ் போட்டேன். "எனக்கு கரெக்டா இருந்துச்சே சிஸ்." அளந்தீங்களா என்றேன். "நான் எப்பவும் ரெடிமேட்ல 38 தான் எடுப்பேன்." டேப் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "நீங்க கொஞ்சம் வெயிட் போட்டிருப்பீங்க சிஸ்."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி 34½ இருக்கிறது என்று டேப்போடு காட்டுகிறேன். குறை என் உடம்பில் இருக்கிறதாம்! ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னால் அவள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வாள் என்று தெரிந்தேதான் சொல்கிறார்கள். இதற்கு முன் இரண்டு தடவை நானும் வாயை மூடிக்கொண்டேன். குண்டாகிவிட்டோம் போல என்று கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பார்த்தேன். அந்த இரண்டு குர்தியையும் பிறகு அளந்தபோதுதான் தெரிந்தது, எக்ஸ்எல் என்று வந்த அவை இரண்டும் சுற்றளவில் 39கூட இல்லை என்று.

காசைத் திருப்பிக் கேட்டால், "நோ ரிட்டர்ன்னு போட்டிருக்கேனே, டேமேஜ்னா மட்டும்தான், அதுவும் ஓப்பனிங் வீடியோ இருந்தா." அதாவது பார்சலைப் பிரிக்கும்போது நான் ஒரு கையில் போனையும் மறு கையில் கத்திரியையும் பிடித்துக்கொண்டு இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும். விற்கிற நீங்கள் ஒரு டேப்பை எடுத்து இரண்டு நிமிடம் அளக்க மாட்டீர்கள். என்ன நியாயம் இது? கிழிசல் இருந்தால் தைத்துக்கொள்ளலாம். கறை இருந்தால் துவைத்துப் பார்க்கலாம். நாலு இன்ச் குறைவாக இருக்கும் ப்ளவுஸை நான் என்ன செய்ய? உடம்பில் ஏறாத துணியைவிடப் பெரிய டேமேஜ் வேறு எது?

நான் ஒன்று கேட்கிறேன். நம்மில் யாராவது டெய்லர் கடைக்குப் போய் "38" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறோமா? அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம். அது போதாதென்று "இதுல கை கொஞ்சம் பிடிக்குது அண்ணே, கழுத்து அரை இன்ச் ஏத்தி வைங்க" என்று பத்து நிமிடம் நின்று சொல்கிறோம். அவரும் நோட்டில் உயரம், தோள்பட்டை, மார்பு, இடுப்பு, கைநீளம், கைச்சுற்று, கைக்குழி, முன்கழுத்து, பின்கழுத்து என்று வரிசையாக எழுதுகிறார். அப்படித் தைத்தே சில சமயம் சரியாக வருவதில்லை. அதே துணியை ஆன்லைனில் விற்கும்போது மட்டும் ஒற்றை நம்பர் போதும் என்று எப்படி ஆகிவிட்டது?

அந்த நம்பராவது எதைச் சொல்கிறது? 38 என்பது போட்டவரின் உடம்பளவா, தைத்து முடித்த துணியின் அளவா? இரண்டுக்கும் நடுவே ஒரு இன்ச்சிலிருந்து நாலு இன்ச் வரை வித்தியாசம் வரும். 38 உடம்புக்கு ப்ளவுஸ் என்றால் ஒட்டினாற்போல ஓர் இன்ச் கூடுதலாக இருந்தால் போதும். குர்தி என்றால் 41, 42 இருந்தால்தான் உட்கார்ந்து எழுந்திருக்க முடியும். குர்தி டேக்கில் எம் 38, எல் 40, எக்ஸ்எல் 42 என்று போட்டிருக்கும். ஒரு கம்பெனி அதில் உடம்பளவைச் சொல்கிறது, இன்னொன்று துணியின் அளவைச் சொல்கிறது. இது புதுத் துணிக்கே உள்ள குழப்பம். பழைய துணிக்கு அந்த டேக் எந்த லட்சணத்தில் பொருந்தும்? காட்டன் முதல் நாலைந்து துவைப்பிலேயே சுருங்குகிறது. நூற்றுக்கு நாலு சுருங்கினாலும் 42 இன்ச் குர்தி நாற்பதே கால் ஆகிவிடும். ரேயான் நீளத்தில் இன்னும் மோசம், முட்டிக்குக் கீழே இருந்தது முட்டிக்கு மேலே ஏறிவிடும். இதில் பாதிப் பேர் பக்கத்தில் பிடித்துத் தைத்துப் போட்டதை மறந்துவிட்டு, டேக்கை மட்டும் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். டேக் எக்ஸ்எல், துணி எம்!

திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய துணி என்று வாங்கிப் போட்டதை விற்கிறவர்கள் கதை இன்னொன்று. "சைஸ் 12" என்று இருக்கும். எந்த நாட்டு 12? பிரிட்டனில் 12 என்பது அமெரிக்காவில் 8. அமெரிக்க 12 என்றால் அது பிரிட்டன் கணக்கில் 16. ஒரே நம்பருக்கு இரண்டு உடம்பு. இந்தியர்களுக்கு என்று ஒரு அளவுப் பட்டியல் வேண்டும் என்று ஃபேஷன் படிப்பு சொல்லித்தரும் மத்திய அரசின் நிஃப்ட் நிறுவனம் 6 நகரங்களில் 25,000 பேருக்கு மேல் ஸ்கேனர் வைத்து அளக்கும் இந்தியா சைஸ் திட்டத்தையே எடுக்க வேண்டி வந்தது. பெரிய பெரிய கம்பெனிகளுக்கே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத எழுத்து அந்த எஸ், எம், எல். அதை நம்பி நான் எப்படி 900 ரூபாய் ஜிபே பண்ணுவது?

"ஃப்ரீ சைஸ்" என்று போடுகிறவர்களிடம் பேசவே விருப்பமில்லை. யாருக்கு ஃப்ரீ?

குழந்தைகள் துணியிலும் இதே கொடுமைதான். "5–6 வயசு பட்டுப்பாவாடை" என்கிறார்கள். என் தங்கை மகளுக்கு ஆறு வயசு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆறு வயசு, இரண்டு பேருக்கும் அரை அடி உயர வித்தியாசம். பாவாடைக்கு வேண்டியது இடுப்பிலிருந்து கரை வரை எத்தனை இன்ச் என்பது. அதைவிட முக்கியம், கீழே மடித்துத் தைத்த டக் எத்தனை பிடித்திருக்கிறது, பிரித்தால் எவ்வளவு இறங்கும் என்பது. டக் பிரித்துப் பிரித்து மூன்று வருஷம் போடலாம் என்றுதானே அம்மாக்கள் பட்டு எடுக்கிறோம்? அதைச் சொன்னால் இன்னும் சீக்கிரம் விற்றுப் போகும், அதைக்கூட யாரும் எழுதுவதில்லை.

புடவைக்கு அளவே இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. இருக்கிறது. ப்ளவுஸ் துணியை வெட்டிவிட்டால் ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டியது, உள்முந்தியிலும் கொஞ்சம் கை வைத்து ஐந்தே கால் ஆக்கிவிட்டு "ஃபுல் சாரி" என்று அனுப்புகிறார்கள். என்னைப் போல இடுப்பு அகலமாக இருப்பவளுக்குக் கொசுவம் மூன்றுகூட வராது.

இதெல்லாம் கேட்டால் "பழசுதானே சிஸ், கம்மி விலைக்குத்தானே தர்றேன்" என்பார்கள். கம்மி விலைக்கு வாங்குகிறவளுக்குத்தான் காசு பெரிசு! பணம் இருக்கிறவள் கடையில் ட்ரயல் ரூமில் போட்டுப் பார்த்து வாங்குவாள். எனக்கு அந்த ட்ரயல் ரூம் இல்லை. நீங்கள் எழுதும் அந்த நாலு நம்பர்தான் எனக்கு ட்ரயல் ரூம். துணி உங்கள் கையில் இருக்கிறது, டேப் பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அளக்காமல் விட்டால் அந்த நஷ்டம் முழுக்க எனக்கு. 980 ரூபாய் போச்சு. வளைகாப்புக்கு, ஏழு வருஷமாகப் போட்டுத் தேய்ந்த கறுப்பு ப்ளவுஸைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

தட்டையாக விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். பெருக்கினீர்களா இல்லையா என்பதையும் எழுதுங்கள், 20 என்று மட்டும் போட்டால் அது பாதியா முழுசா என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? கைச்சுற்றை மறக்காதீர்கள். பக்கத்தைப் பிரித்து மார்பைச் சரிசெய்துவிடலாம், கைச்சுற்று குறைந்து உள்ளே துணியும் இல்லாவிட்டால் டெய்லராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே எத்தனை இன்ச் துணி விட்டிருக்கிறது என்று திருப்பிப் பார்த்து எழுதுங்கள். பட்டு என்றால், பிரித்த பிறகு பழைய தையல் கோடு தெரியும், உள்ளே மங்காமல் இருந்த நிறம் தனியாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேண்டும் என்பவள் அதையும் தெரிந்தே வாங்குவாள்.

இந்த மயில்கழுத்து ப்ளவுஸை நேற்று நானே விற்பனைக்குப் போட்டேன். எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன்: "தைத்த அளவு, இன்ச்சில். மார்புச் சுற்று 34½, அதனால் 33 முதல் 33½ உடம்புக்குத்தான் சரியாக இருக்கும். கைச்சுற்று 11, கைநீளம் 10, உயரம் 14. முன்பக்கக் கொக்கி. உள்ளே துணி விடவில்லை, ஒரு நூல்கூட லூஸ் பண்ண முடியாது. இடது கை ஓரத்தில் இரண்டு மணி உதிர்ந்திருக்கிறது. டேப் வைத்து எடுத்த நாலு போட்டோ கீழே. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பலாம்."