ஹேஷ் செய்தால் போதுமா? பரவும் தகவலும் உண்மையும்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே புலனத்தில் ஒரு தகவல் பரவுகிறது: இரு கூட்டுறவுக் கழகங்கள் தங்களுக்குப் பொதுவான உறுப்பினர்களைக் கண்டறிய, அடையாள அட்டை எண்களை ஹேஷ் செய்து (எண்ணைப் பின்னோக்கிக் கணித்து மீட்க இயலாத குறியீடாக மாற்றி) பரிமாறிக்கொண்டாலே பாதுகாப்பு கிடைத்துவிடும், தத்தம் பட்டியலை மற்றவருக்குக் காட்டாமலே இருவரும் சேர்ந்து விடை காணும் இருதரப்புப் பாதுகாப்புக் கணிப்பு நாள்கணக்கில் நீளும் வீண்வேலை. இரண்டுமே தவறு.

நம் மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் குறிப்பதால், நூறாண்டுப் பிறப்புகளைக் கணக்கில் கொண்டாலும் ஏறக்குறைய 36.5 பில்லியன் எண்களுக்குமேல் இருக்க முடியாது. அவை அனைத்தையும் வழக்கமான ஹேஷ் முறையில் கணித்து, கைக்கு வந்த பட்டியலுடன் ஒப்பிட்டு உண்மையான எண்களை மீட்க, கணினி விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் வரைகலை அட்டை ஒன்றுக்குச் சில நிமிடங்களே போதும்.

வேகத்தைப் பற்றிய கூற்று பழங்கதை. இத்தகைய கணிப்புக்கு அடிப்படையான, பெறுபவர் எதைப் பெற்றுக்கொண்டார் என்பதைக் கொடுப்பவர் அறியாத பரிமாற்றத்தை, கணினிக்குச் செலவுமிக்க பொதுத்திறவி மறையாக்கக் கணக்குகள் சிலவற்றைக் கொண்டே மில்லியன்கணக்கில் பெருக்கும் வழி 2003இல் வெளியானது. அதன்மேல் எழுந்த 2016ஆம் ஆண்டு நெறிமுறை (இருதரப்பும் படிப்படியாகப் பின்பற்றும் செயல்முறை), தலா பத்து இலட்சம் பதிவுகளுக்குச் சற்று அதிகமான இரு பட்டியல்களை, விரைவான உள்வலையமைப்பில், நான்கு விநாடிக்குள் ஒப்பிட்டது. (நம் கழகங்களின் பட்டியல்கள் அந்த அளவை நெருங்கவும் மாட்டா.) எனினும் அவ்வேகம், இருதரப்பும் நெறிமுறையை மீறாமல் நடக்கும் எனக் கொண்டு அளக்கப்பட்டது, ஒரு தரப்பு தன் பட்டியலில் ஊக எண்களைச் சேர்த்து நோட்டம் பார்ப்பதை அந்நெறிமுறை தடுப்பதில்லை.