துப்ரோவ்னிக்கின் வயது என்ன?

குரோவேசியாவின் துப்ரோவ்னிக் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். ஏழாம் நூற்றாண்டில் ஸ்லாவியர்கள் எபிதௌரம் என்ற ரோமானிய ஊரை, அதாவது இன்றைய சாவ்தாத்தை, அழித்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் கடலோரப் பாறை ஒன்றில் ஏறிக் குடியமர்ந்தார்கள். அந்தக் குடியிருப்புதான் ரகூசா, பின்னாளில் துப்ரோவ்னிக். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை முடிந்துபோன வரலாறு போல எழுதிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதையைச் சொன்னவர் பைசாந்தியப் (கிழக்கு ரோமானிய) பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன். மகனுக்காகத் தொகுத்த ஆட்சிக் குறிப்புகளில் எழுதி வைத்தார். சம்பவம் நடந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு! அவர் கணக்கும் இடிக்கிறது. அதே கரையிலிருந்த இன்னொரு ரோமானிய ஊரான சலோனாவிலிருந்து மக்கள் ரகூசாவுக்கு வந்து 500 ஆண்டுகள் ஆயின என்கிறார். இதை எழுதும் ஆண்டாக அவர் குறிப்பிடுவது 949 வாக்கில். கழித்துப் பாருங்கள், ஐந்தாம் நூற்றாண்டில் போய் நிற்கிறது. அப்போது ஸ்லாவியர்கள் அந்தக் கரையை எட்டியே பார்க்கவில்லை.

பிறகும் இந்தக் கதை ஏன் நிலைத்தது? ரகூசாவின் பிரபுக் குடும்பங்களுக்கு அது தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். ரோமானிய ஊரின் நேரடி வாரிசுகள் என்ற பெருமையை யார்தான் விடுவார்கள்?

மண்ணுக்கடியில் கிடைத்தது வேறு. 1979 நிலநடுக்கத்தில் துப்ரோவ்னிக் பேராலயம் சேதமானது. பழுதுபார்க்கும்போது தரையைத் தோண்டினார்கள். இன்றைய பரோக் பாணிக் கட்டடத்துக்குக் கீழே 1667 நிலநடுக்கத்தில் இடிந்த பழைய பேராலயம். அதற்கும் கீழே, அதுவரை யாரும் அறியாத பெரிய பைசாந்தியத் தேவாலயம். அதன் காலம் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள் சிலர், பல நூற்றாண்டுகள் பிந்தியது என்கிறார்கள் வேறு சிலர். முதல் தரப்பு சரியென்றால், அகதிகள் வருவதற்கு முன்பே அங்கே ஓர் ஊர் இருந்திருக்கிறது.

நான் முதல் தரப்பின் பக்கம்தான் சாய்கிறேன். உயிர் தப்பி வந்த ஏதிலிகள் தனியாக நின்று எழுப்பக்கூடிய அளவு கட்டடமல்ல அது. 866இல் அரபுக் கப்பற்படை ரகூசாவை முற்றுகையிட்டது. 15 மாதங்கள் ஊர் தாக்குப்பிடித்தது, கடைசியில் பைசாந்தியக் கப்பற்படை வந்து மீட்டது. இதையும் எழுதியவர் அதே கான்ஸ்டன்டைன்தான். மதிலும் தண்ணீரும் தானியமும் ஆள்பலமும் இல்லாமல் எந்த ஊரும் 15 மாதங்கள் தாங்காது. அவ்வளவு பலம் சேர எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்பதைத்தான் ஊரின் வயதைச் சொல்பவர்கள் முதலில் கணக்கிட வேண்டும்.