பெயரில்லாமல் எழுதும் உரிமை வன்னிக்கு வேண்டும்

இணையத்தில் பெயரை மறைத்து எழுதுவதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று கேட்பவர்களில் பலர் நல்ல மனிதர்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், ஆசிரியர்கள், பொதுவேலைக்கு வந்து போலி முகநூல் கணக்குகளால் அவமானப்பட்டவர்கள். அவர்களுடைய கோபத்தின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் அந்தத் தடையை எதிர்க்கிறேன். கொழும்பிலோ கனடாவிலோ இருந்து இந்தக் கேள்வியைப் பார்ப்பதும் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இருந்து பார்ப்பதும் ஒன்றல்ல என்பதால், போர் நடந்த வடஇலங்கையின் வன்னியில் இருந்துகொண்டு எதிர்க்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் தீமையைப் பேசுவோம். எங்களுக்கு அயலில் உள்ள கிராமம் ஒன்றில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் முகத்தை, இல்ல விளையாட்டுப் போட்டியில் எடுத்த படத்திலிருந்து வெட்டி, வேறொரு உடலில் ஒட்டி, தாமரைப் பூவை முகப்புப் படமாக வைத்திருந்த ஒரு போலிக் கணக்கு பரப்பியது. தாய் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அவர் தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, அவருக்கு வாசிக்கத் தெரியாத அந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். “கொழும்புக்கு அனுப்பித்தான் பார்க்க வேணும் அம்மா” என்றார்கள். கொழும்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிள்ளை பாடசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கணக்கை நடத்தியவன் யார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. விருப்பம் கேட்டு, அவள் மறுத்ததால் கறுவிக்கொண்டு திரிந்த ஒருவன் அவன். தாய் அவனுடைய பெயரையும் பொலிஸாரிடம் சொல்லியிருந்தார். பெயர் கையில் இருந்தும் அவனை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

இந்தச் சம்பவத்தைத்தான் தடை வேண்டும் என்பவர்கள் எனக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். நானோ இதையே தடைக்கு எதிரான சாட்சியமாகப் பார்க்கிறேன். இலங்கையில் அடையாள ஆவணத்தைக் காட்டாமல் ஒரு சிம் அட்டை வாங்க முடியாது. கணினிக் குற்றங்கள் சட்டம் 2007ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒரு கணக்கு எந்தத் தொலைபேசியிலிருந்து, எந்த இணைப்பிலிருந்து இயங்குகிறது என்று தேடுவதற்கான வழிகள் அரசிடம் இருக்கின்றன. அயலவருக்கு என் பெயர் தெரியாமல் இருப்பது வேறு, நீதிமன்றத்துக்குத் தெரியாமல் இருப்பது வேறு. இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவனை நீதவானின் கட்டளையோடு தேடிப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பெயரைக் காட்ட வைத்தால் மனிதர்கள் திருந்திவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் மிகக் குறைவு. 2021இல் ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் இங்கிலாந்து தோற்றபோது, அந்த அணியின் கறுப்பின வீரர்கள் மீது இணையத்தில் இனவெறி கொட்டப்பட்டது. எல்லாக் கணக்குக்கும் அடையாள ஆவணம் கேட்க வேண்டும் என்ற குரல் அங்கே பலமாக எழுந்தது. பின்னர் டுவிட்டர் நிறுவனம் தான் நிரந்தரமாக முடக்கிய கணக்குகளை ஆராய்ந்து, அவற்றை வைத்திருந்தவர்களில் 99 சதவீதமானோர் அடையாளம் காணக்கூடியவர்களாகவே இருந்தார்கள் என்று அறிவித்தது. நம்முடைய முகநூலைத் திறந்து பாருங்கள். சாதியைச் சொல்லித் திட்டுபவர்களும், கணவனை இழந்த பெண்களைப் பற்றி அசிங்கமாக எழுதுபவர்களும், சொந்தப் பெயரோடும் குடும்பப் படத்தோடும்தான் அதைச் செய்கிறார்கள்.

இதைச் சட்டமாகவே செய்து பார்த்த நாடு தென்கொரியா. 2007இல் பெரிய இணையத்தளங்களில் எழுதுபவர்கள் தங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அது நடைமுறையில் இருந்தபோதே, 2008இல், வதந்திகளால் துரத்தப்பட்ட பிரபல நடிகை ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். நோய் தீரவில்லை என்றால் மருந்தின் அளவைக் கூட்டுவோம் என்பதுபோல, 2009இல் அந்தச் சட்டத்தை மேலும் பல தளங்களுக்கு விரித்தார்கள். இப்படிக் கோடிக்கணக்கானவர்களின் விபரங்கள் நிறுவனங்களின் கையில் குவிந்திருந்த நிலையில், 2011 ஜூலையில் ஒரு பெரிய இணைய நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் பேருடைய தகவல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஐந்து கோடியளவுதான். 2012 ஓகஸ்ட் 23ஆம் திகதி அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏகமனதாக நீக்கியது. சட்டம் வந்த பிறகு சட்டவிரோதப் பதிவுகள் சொல்லத்தக்க அளவில் குறைந்ததாகத் தெரியவில்லை என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று.

இனி வன்னிக்கு வருகிறேன். முகம் மறைத்தவனின் கொடுமை எங்களுக்குத் தெரியாததல்ல. சுற்றிவளைப்பு நாட்களில் சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு, வாகனத்துக்குள் உட்கார வைக்கப்பட்டிருந்த தலையாட்டியின், அதாவது தலையை ஆட்டி ஆட்களைக் காட்டிக்கொடுப்பவனின், முன்னால் வரிசையில் நடந்துபோனவர்கள் இன்றும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தத் தலை ஆடினால் ஒரு மனிதன் வீட்டுக்குத் திரும்பமாட்டான். “முகம் காட்டாதவனின் பேச்சை நம்பி எத்தனை பேரை இழந்தோம், அதையா நீ ஆதரிக்கிறாய்?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். இந்த விவாதத்தில் நான் கேட்ட கேள்விகளில் மிகக் கனமானது இதுதான், அதனால் நிறைய யோசித்தேன். தலையாட்டிக்குப் பின்னால் துப்பாக்கியும் வாகனமும் அதிகாரமும் நின்றன. அவன் யாரென்று அவனைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். வரிசையில் நடந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியாது. இன்று பெயரை மறைத்து எழுதுபவர்களில் அந்த வகையினரும் இருக்கிறார்கள், அரசியல் கட்சிகளுக்குக் கூலிக்கு எழுதும் கணக்குகள் அப்படிப்பட்டவைதான். ஆனால் தடை வந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, வாடகைக்கு ஒரு பெயரும் ஒரு சிம்மும் அவர்களுக்கு எப்போதும் கிடைக்கும். தனக்குப் பின்னால் யாரும் இல்லாதவன்தான் எழுதுவதை நிறுத்துவான்.

அப்படி யாரும் இல்லாதவர்கள் இங்கே எதை எழுதுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். கனகராயன் ஆற்றுப் பக்கமிருந்து இரவில் மணல் ஏற்றிவரும் டிப்பரின் படம். பின்பக்க இலக்கத் தகட்டில் சேறு பூசப்பட்டிருக்கும், படமும் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் ஊர்க்காரனுக்கு அந்தத் தெருவளைவு தெரியும். நுண்கடன் வசூலிக்க வந்தவன் இருட்டிய பிறகும் வாசலில் இருந்து எழும்பாமல் பேசிய பேச்சை ஒரு பெண் எழுதுகிறாள். புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளி ஒருவர், தன்னை விசாரிக்க மறுபடியும் ஆட்கள் வந்து போனதை எழுதுகிறார். இவர்கள் சொந்தப் பெயரில் எழுதினால், அந்தப் பெயரை வைத்து ஊரையும் தகப்பனையும் வீட்டையும் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதும். 2020 ஒக்ரோபரில் முல்லைத்தீவின் முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரக்கடத்தலைப் பதிவு செய்யப்போன இரண்டு ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றிப் பேச ஊடக அமைப்புகளாவது இருந்தன. வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போன இடத்தில் மரம் தறிப்பதைக் கண்ட விவசாயிக்கு யார் இருக்கிறார்கள்?

“காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பெயரோடும் முகத்தோடும்தானே தெருவில் நிற்கிறார்கள்” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய அந்தப் போராட்டத்தில் அவர்கள் தங்கள் பெயரையும் பிள்ளையின் படத்தையும் கையில் ஏந்தியே இருந்தார்கள். அதற்காக அவர்கள் படம் பிடிக்கப்பட்டார்கள், விசாரிக்கப்பட்டார்கள், வீடுவரை பின்தொடரப்பட்டார்கள். அந்தத் தாய்மாரின் துணிவை நான் வணங்குகிறேன். அந்தத் துணிவு இருந்தால்தான் இந்த நாட்டில் ஒருவர் வாய் திறக்கலாம் என்று சட்டம் எழுதுவதை ஏற்கமாட்டேன்.

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, மொட்டைக் கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். அவற்றில் பாதி பொறாமை. ஆனாலும் நல்ல அதிகாரிகள், எழுதியவன் யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, எழுதியது சரியா என்று ஆள் அனுப்பிப் பார்த்தார்கள்.

2024 ஜனவரி 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை (Online Safety Act) பற்றியும் சொல்ல வேண்டும். போலிக் கணக்குகளைத் தடைசெய்யப்பட்ட நோக்கங்களுக்குப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. எது பொய்க் கூற்று என்று தீர்மானித்துக் கட்டளையிடும் அதிகாரத்தை அது ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் அந்த நியமனத்துக்கு வேண்டும் என்பது உண்மைதான். அது எனக்குப் போதுமான ஆறுதலைத் தரவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமானது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு, பல பத்தாண்டுகள் நீடித்ததை எங்கள் தலைமுறை மறக்க முடியாது. இவற்றோடு பெயரை மறைப்பதே குற்றம் என்ற ஒரு விதியும் சேர்ந்தால், அது முதலில் எந்த மாவட்டங்களில் பாயும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தடை கேட்கும் நண்பர்களிடம் நான் வேண்டுவது, அதே கோபத்தோடு வேறு சிலவற்றைக் கேளுங்கள் என்பதுதான். வடக்கின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இணையக் குற்ற முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டி, பிரதி கொடுக்க வேண்டும். அதை விசாரிக்கப் பயிற்சி பெற்ற, தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர்கள் மாவட்டத்திலேயே இருக்க வேண்டும். கொழும்பைக் காட்டி ஒரு தாயைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஒரு கணக்கின் பின்னால் இருப்பவரை வெளிப்படுத்தும் கட்டளையை நீதிமன்றம் மட்டுமே, குறித்த ஒரு குற்றத்துக்காக மட்டுமே, காரணத்தை எழுதி வழங்க வேண்டும். முகநூல் நிறுவனம் எங்கள் பேச்சுத்தமிழ் விளங்கிய ஆட்களை வைத்து, சிறுமிகளின் படங்கள் பற்றிய முறைப்பாடுகளை மணித்தியாலக் கணக்கில் தீர்க்க வேண்டும். இவற்றுக்காக ஒரு மனு எழுதினால் என் சொந்தப் பெயரில், முதல் ஆளாகக் கையெழுத்து வைக்கிறேன்.