அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லையா?

நேற்று இரவுச் செய்தியிலும் அதே தலைப்பு: ‘பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம்; பொதுமக்கள் கடும் அவதி.’ பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்த ஊழியர்கள் பொதுமக்களில் சேர்த்தி இல்லையா? சீருடையைக் கழற்றிவிட்டால் அவர்களும் இதே வரிசையில்தானே வந்து நிற்கிறார்கள்!

முதலில் நிர்வாகத் தரப்பு அதிகாரி. பின்னால் புத்தக அலமாரி, சட்டையில் குத்திய மைக், திரையின் அடியில் பெயரும் பதவியும். நிதானமாகப் பேசி முடித்தார், யாரும் குறுக்கிடவில்லை. அடுத்து, வெயிலில் நின்ற ஒரு பெண் நடத்துநர். மூக்கில் இடிக்கும் மைக், பின்னால் கோஷம், அடியில் ‘போராட்டக்காரர்’ என்ற ஒற்றைச் சொல். “மூன்று வருடமாக எங்களுக்கு…” என்று வாயெடுத்தார். வெட்டிவிட்டார்கள். மூன்று வருடமாக என்ன? அதுதானே செய்தி!

இது என் மனப்பிரமை இல்லை. 1975-இல் பிரிட்டன் தொலைக்காட்சிச் செய்திகளை மாதக்கணக்கில் பதிவுசெய்து ஆராயத் தொடங்கிய கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு கண்டதும் இதுதான். தொழிலாளர்கள் ‘கோருவார்கள்’, ‘மிரட்டுவார்கள்’. நிர்வாகமோ ‘வழங்க முன்வரும்’. அரை நூற்றாண்டு ஓடியும் அகராதி மாறவில்லை. ஏழைக்குக் கொடுத்தால் இலவசம்; தொழிலதிபருக்குக் கொடுத்தால் ஊக்கச் சலுகை.

பொருள் உற்பத்திச் சாதனங்கள் யார் கையிலோ, கருத்து உற்பத்திச் சாதனங்களும் அவர்கள் கையில்தான் என்று மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845–46-லேயே எழுதிவிட்டார்கள். முதலாளி தினமும் செய்தியறைக்குத் தொலைபேசியில் உத்தரவு போடுகிறார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அவசியமே இல்லை. விளம்பரம் எங்கிருந்து வருகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பங்குச் சந்தைக்குத் தினமும் நேரம் ஒதுக்குகிறார்கள். கூலிக்கு எந்த நாளில் ஒதுக்கினார்கள்?

இதைவிட என்னை உலுக்கியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி சொன்னது: “இவர்களுக்கு வேறு வேலையே இல்லை.” அவனுக்கும் இரண்டு வருடமாகச் சம்பளம் ஏறவில்லை. கேட்கப் பயந்துகொண்டு இருக்கிறான். அடிக்காமல், மிரட்டாமல் அவன் வாயிலிருந்தே அவனுக்கு எதிரான பேச்சை வரவழைத்துவிட்டார்கள். ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தோடே அவர்களை ஆள்வதைத்தான் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி மேலாதிக்கம் என்று சொன்னார்; அது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

பதினொரு மணிச் செய்தியிலாவது அந்தப் பெண்ணைப் பேசவிடுவார்கள் என்று விழித்திருந்தேன். அதில் அவர் முகம்கூட இல்லை. காலியாகக் கிடந்த பஸ் நிலையத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.